துடைத்த கண்ணாடியில் தெரிந்த சக்கரம்

விண்ணை அளந்த விழியே! வேகத்தை வழிநடத்திய மொழியே! போர் விமானத் தளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் முப்பத்தோராண்டு கண்ணயராது காவலிருந்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அக்காவே! வணக்கம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். மணிக்கொரு முறை எழுந்து, கையோடு கொண்டுவந்த பழந்துணியால் கோபுரத்தின் எட்டுக் கண்ணாடிகளையும் துடைத்த உங்களுக்குத் 'துணி அக்கா' என்று பெயர் வைத்தவர்கள் நாங்களே. "துடைக்கத்தான் ஆள் இருக்காங்களே, நீங்க எதுக்கு?" என்று கேட்டால், "பாக்கப் போறது நான்தானே?" என்பீர்கள். முதுகுக்குப் பின்னால் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு ஒருநாள் அடங்கியது. நடுவானில் இன்ஜின் அணைந்த விமானமொன்று, இறக்கைகளை மட்டுமே நம்பி, சத்தமின்றிச் சறுக்கிக்கொண்டு வந்தது. இரண்டு முறை முயன்றும் இன்ஜின் கிளம்பவில்லை. தவறினால் மறுபடி சுற்றிவர வழியில்லை. இறங்க ஒரே வாய்ப்பு. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீங்களோ ஓடுபாதையைக் காலி செய்வித்து, காற்றின் திசையைச் சொல்லிவிட்டு, விமானியைத் தொந்தரவு செய்யாமல் வாயை மூடிக்கொண்டீர்கள். உங்கள் வாய் மூடியிருந்து நாங்கள் பார்த்தது அன்று ஒருநாள்தான்!

"மூணு சக்கரமும் இறங்கிடுச்சு" என்றார் விமானி. அவர் முன்னிருந்த விளக்குகள் அப்படித்தான் சொல்லின. கண்ணாடி வழியே நீங்கள் கண்டவை இரண்டே.

"தம்பி, இடது சக்கரம் வரலை! அவசரப் பிடியை இழுப்பா!"

வானொலி விதிகளில் 'தம்பி' என்ற சொல்லே கிடையாது. அவர் இழுத்தார். சக்கரம் விழுந்து பூட்டிக்கொண்டது. சில நொடிகளில் விமானம் தரையைத் தொட்டு ஓடி, பாதையின் விளிம்பில் நின்றது. நாங்கள் அழுதோம். நீங்கள் துணியை எடுத்துக்கொண்டு அடுத்த கண்ணாடிக்குப் போனீர்கள்.

அந்த விமானி இன்று முன்வரிசையில் மனைவி மக்களோடு அமர்ந்திருக்கிறார். அவருடைய திறமையை ஊரறியும். உங்கள் கண்ணை நாங்கள் அறிவோம், அக்கா.

உடல்நலமும் கண்தெளிவும் குன்றாமல் நூறாண்டு வாழ்க! உங்கள் வீட்டுச் சன்னல்கள்தாம் பாவம். இம்மடலைக் கண்ணாடிச் சட்டமிட்டுத் தருகிறோம். மூவர் துடைத்தோம், உங்களுக்குத் திருப்தி இராது என்று தெரியும். நான்காவதாக ஒருவர் துணியைப் பிடுங்கி, வெகுநேரம் துடைத்தார். முதல் கையொப்பமும் அவருடையதே.

அன்பில் நிறைந்த,
தம்பி
மற்றும் கோபுரப் பணியாளர்கள்