அய்யாவு சரி என்று சொல்லவே இல்லை

இந்தக் காலத்தில் எவனும் வாயைத் திறந்து ஒழுங்காக ஒரு பதில் சொல்வதில்லை, இன்ஸ்பெக்டர் தம்பி. தலையை ஆட்டுகிறான், போனில் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புகிறான், அப்புறம் நான் எப்போது சொன்னேன் என்கிறான். அய்யாவும் அந்த ரகம்தான்.

எஸ்டேட்டைத் துண்டு போட்டபோது எனக்கும் அவனுக்கும் அடுத்தடுத்த நிலம். பாக்கார் ஆராங் போகிற ரோடு அவன் பக்கம். என் மோட்டார் சைக்கிள் போக அவன் வேலியோரமாக ஒரு பாதை கேட்டேன். "பாக்கலாம்லா அண்ணே" என்று சிரித்துத் தலையை ஆட்டினான். ஆட்டினானே என்று கல் கொட்டினேன். அவன் கேஸ் போட்டான்.

சுங்கைப் பட்டாணியில் நளினி என்ற வக்கீல் பெண்ணிடம் போனேன். பொறுமையான பெண்.

"அங்கிள், நீங்க கேட்டா மட்டும் ஒப்பந்தம் ஆகாது. அவர் சரின்னு சொல்லணும். சும்மா இருந்தா சம்மதம் இல்ல. மாத்திச் சொன்னாலும் சம்மதம் இல்ல, அது புதுப் பேச்சு."

கல்லை நானே அள்ளினேன். மூன்று நாள் இடுப்பு வலி. படிக்காதவன்தான், ஆனால் ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை காலை அய்யாவு பழைய குட்டையில் கங்கோங் கீரை அறுக்கப் போனான். சேற்றின்மேல் ஒரு பலகை கிடக்கும், அதில் நின்றுதான் அறுப்பான். அன்று பலகை இல்லை. கீரை மூடியிருந்ததால் பழக்கத்தில் காலை வைத்துவிட்டான். நான் கயிற்றோடு போய்ச் சேரும்போது இடுப்புவரை சேறு.

"அண்ணே, அந்தக் கயித்தப் போடுங்க."

"போடுறேன். பாதைய விடுறியா?"

"மொதல்ல இழுங்கண்ணே. மேல வந்து பேசிக்கலாம்."

அது புதுப் பேச்சு. ஆகவே நான் மறுபடி முதலிலிருந்து கேட்டேன். மார்வரை போனபிறகு, நடந்து போக விடுகிறேன், மோட்டார் மட்டும் வேண்டாம் என்றான். அந்த நிலையிலும் பேரம். மூன்றாம் தடவை கேட்டபோது மழை பிடித்துக்கொண்டது, தண்ணீர் வாய்க்கு வந்துவிட்டது. தலையை ஆட்டினான். ஒரு கையையும் தூக்கினான். தலையாட்டலை நம்பிக் கல் கொட்டியவன் நான். வாயால் சொல்லு என்றேன். சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அப்புறம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து பால் ஊற்றாமல் தே ஓ கலக்கிக் குடித்தேன்.

மாடு இல்லாதவனுக்குக் கயிறு எதற்கு என்று கேட்டீர்கள். விடியலில் பலகையை எடுத்தது நான்தான். எடுத்துவிட்டுக் கயிறும் இல்லாமல் போயிருந்தால், அதுதான் தப்பு.

நளினி இன்று காலை இங்கே வந்தாள். அவன் சரி என்று கத்தியிருந்தாலும் செல்லாதாம். உயிர் போகிற நேரத்தில் பிடுங்குகிற சம்மதம் சம்மதமே இல்லையாம். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். எனக்கு அது ஏறவில்லை. நான் அவனை அடிக்கவில்லை, அதட்டவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. முக்கால் மணி நேரம் கொடுத்தேன்.

கைநாட்டு வைத்துவிட்டேன். லாக்கப் அந்தப் பக்கம்தானே, பிடிக்க வேண்டாம், நானே நடக்கிறேன். அவன் பெண்டாட்டி பிரேமாவதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பாதையை இப்போதாவது விடுவாளா என்று கேளுங்கள். சரி என்றால் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.