ஏழாவது தவணைக்கு எடுக்கப்படாத படம்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, மூளை நோய்த் துறைத் தலைவர் அவர்களே, எதிரே தலைகுனிந்து அமர்ந்திருக்கும் தோழர்களே, முதல் வரிசையை மறுத்துக் கடைசி வரிசைக்குப் போய்விட்ட எங்கள் அண்ணி அவர்களே!

அண்ணி, உங்கள் கணவர் எப்படி இறந்தார் என்பது இந்த மண்டபத்தில் பலருக்கும் தெரியும். உங்களிடம் மட்டும் எவரும் சொல்லவில்லை. ஸ்கேன் படங்களைப் படிக்கும் கதிரியல் துறையின் தலைவன் என்ற முறையில், அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முப்பத்தோர் ஆண்டுகள் இங்கே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையை ஆண்டு, அதனாலேயே ‘காந்தம்’ என்று பெயர் வாங்கியவர் நம் காந்தம் அண்ணன். எனக்கு முன் பேசியவர்கள் அவரைச் சாந்தமானவர் என்றார்கள். சாந்தமா? இரும்பு ஆக்சிஜன் சிலிண்டரோடு நுழைந்த ஊழியரை எட்டி உதைத்து வெளியே தள்ளியவரா சாந்தம்? ஸ்கேன் இயந்திரத்தின் ராட்சதக் காந்தத்தை நோக்கிப் பறந்த அந்தச் சிலிண்டர் அண்ணனின் தோளெலும்பை நொறுக்கிவிட்டுத்தான் போனது. உதை வாங்கியவர், இதோ, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உயிரோடு நிற்கிறார்!

அல்சைமர் என்னும் மறதி நோய்க்கு, தவணை தவணையாக ரத்தத்தில் ஏற்றும் புது மருந்து வந்தது. மூளையில் படிந்த கசட்டை அது கரைக்கும். கரைக்கும்போது சிலருக்கு மூளை வீங்கும். சிலருக்கு ரத்தம் கசியும். பெரும்பாலும் வெளியே எதுவும் தெரியாது, படத்தில்தான் தெரியும். அதனால் குறிப்பிட்ட தவணைகளுக்கு முன் ஸ்கேன் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்ட பிறகே மருந்து ஏற்ற வேண்டும். ஒரு நாள், படம் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்த ட்ரிப்ஸை அண்ணன் நிறுத்தினார். மூத்த மருத்துவர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கன்னத்தில் அறைந்தார். அண்ணன் கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

“அடிச்சது இருக்கட்டும் டாக்டர். படத்தப் பாத்துட்டு, வேணும்னா இன்னொண்ணு அடிங்க.”

படத்தில் வீக்கம் இருந்தது. இரண்டாவது அறை விழவில்லை.

ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டில் அதே நோய் அவரையே பிடித்தது. அதே மருந்து, அதை ஏற்றும் அதே நாற்காலி. ஏழாவது தவணைக்கு முன் படம் எடுக்க வேண்டிய வாரத்தில் இயந்திரம் பழுது. நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணி, ‘எடுத்தாயிற்று’ என்று நம்மில் ஒருவர் தாளில் குறியிட்டார். அந்த நாளை வரவே இல்லை.

ஏழாவது தவணை நாளன்று நாற்காலியில் உட்கார்ந்ததும் அண்ணன் கேட்டார்: “சிஸ்டர், எனக்குப் படம் எடுக்கலையே?”

“எடுத்தாச்சுப்பா. நீங்கதான் மறந்துட்டீங்க.”

கதவருகே நின்ற என்னிடம் அண்ணி கேட்டார்: “எடுத்தாங்களா தம்பி?”

நான் தாளைப் பார்த்தேன். “எடுத்தாச்சு அண்ணி. அண்ணனுக்குத்தான் மறதியாச்சே!”

அண்ணன் என்னை முறைத்தார். “மறதி எனக்குடா. மெஷினுக்குமா? போய்ப் பாரு.”

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். படம் பார்க்கும் கணினி அங்கிருந்து பன்னிரண்டு அடி தூரம். நான் போகவில்லை. மருந்து ஏறியது.

நான்காம் நாள், தலையைப் பிடித்துக்கொண்டு அலறியவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டில் கம்பியைப் பிடுங்கப் பார்த்தார். தடுத்தவரின் உதட்டைக் கிழித்தார். “மறதி முத்திப்போச்சு, கட்டிப்போடுங்க!” என்றது ஒரு குரல். நால்வர் ஏறி அமுக்கினார்கள். துணிப்பட்டையால் மணிக்கட்டுகளைக் கட்டினார்கள். வலிப்பு வந்தபோது கட்டிய கைகளோடு துள்ளினார். பற்கள் நாக்கைக் கிழித்தன. அதன் பிறகே படம் எடுத்தார்கள். இடப்பக்க மூளை வீங்கி, நடுவே ரத்தம் உடைந்து பரவியிருந்தது. அந்தப் படத்தைப் படித்தவன் நான். மறுநாள் அவர் இல்லை.

ஏழாவது தவணைக்கு முன்பே வீக்கம் இருந்ததா? தெரியாது. இனி எவருக்கும் தெரியாது! தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நாம் அடைத்தோம். ‘நோயின் கொடுமையால் மறைந்தார்’ என்று என் முதுகுக்குப் பின்னால் பதாகை கட்டியிருக்கிறீர்களே இயக்குநர் அவர்களே, நோயா அந்தத் தாளில் குறியிட்டது? நோயா அவர் கைகளைக் கட்டியது? அந்த அறையில் உண்மையைச் சொன்னவர் ஒரே ஒருவர். மறதி நோயாளி என்பதாலேயே அவரை நம்பவில்லை. நம்பாமல் கொன்றோம்!

நாளைக் காலை ஐந்து பேர் அந்த நாற்காலிகளில் உட்காருவார்கள். என்னை வேலையிலிருந்து துரத்தும்வரை, ஐந்து படங்களையும் என் கண்ணால் பார்க்காமல் ஒரு சொட்டும் ஏறாது. இது அண்ணன் மீது ஆணை.

என் கையிலிருக்கும் இந்த மூன்று பக்க வாக்குமூலத்தில் குற்றவாளிகளின் வரிசையில் முதல் பெயர் என்னுடையது. கையை நீட்டாதீர்கள் இயக்குநர் அவர்களே, இது உங்களுக்கல்ல, அண்ணிக்கு. காவல் நிலையத்துக்கு ஒரு நகல் போய்விட்டது.

அண்ணி, நீங்கள் எழுந்து வர வேண்டாம். நான் இறங்கி வருகிறேன். வாங்கிக்கொள்வதும் என் முகத்தில் கிழித்தெறிவதும் உங்கள் விருப்பம். அன்று உங்களிடம் நான் சொன்னது பொய்.