தாய்மாமன் பங்கு

"ஹலோ... ஹலோ? ஓட்டெங் அம்மாவா?... நான்தான், அண்ணன்... ஆமா, ஆமா, அண்ணன்தான் பேசுறேன்... இல்ல, இன்னும் எங்க ஊர் லோபட்சே போய்ச் சேரல. எல்லைக் கேட்டுலதான் நிக்கிறோம்..."

பெரியவர் மோதிபேடி தொப்பியைக் கழற்றவில்லை. திறந்து கிடந்த டிக்கிக்கு முதுகைக் காட்டி நிமிர்ந்தே நின்றிருந்தார். சோதனைச் சாவடியின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தங்கை மகன் ஓட்டெங் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார்.

"பதறாதே. கார் எங்கயும் இடிக்கல... கறியைப் பிடிச்சிட்டாங்க... கறிம்மா, கறி. உன் மக கல்யாணத்துல தாய்மாமன் பங்குன்னு எனக்குக் குடுத்தீங்களே, மாட்டுத் தலை... ஆமா, அதேதான்... தெரியும், தெரியும். ஊரெல்லாம் மாட்டுக்குக் கோமாரி, பச்சைக் கறி எல்லை தாண்டக் கூடாது. உன் மகன் வழியெல்லாம் அதையேதான் சொல்லிட்டு வந்தான்... டிக்கியில. என் கம்பளிக்குள்ள... யார் வெச்சதா?..."

பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"அவன்தான்... அவனே அப்படித்தான் சொல்றான், அதிகாரிகிட்ட... ஏய், ஏய், கத்தாதே. சின்னப் பையன், விடு... என்னது? எனக்கு அவமானமா? உன் வளர்ப்பு சரியில்லையா?... யார் சொன்னா?... என்கிட்ட எதுக்கு மன்னிப்பு... மண்டி போட்டிருக்கியா? போன்ல மண்டி போட்டா யாருக்குடி தெரியும்? எழுந்திரு... எழுந்திருன்னு சொல்றேன்ல!... உன் மூட்டு வேற வலி..."

"..."

"அழாதே. கேளு. நான்தான் வெச்சேன்... ஆமா. நான். அவன் குளிக்கப் போனப்போ... புத்தி எங்க போச்சா? வெறுங்கையோட போய் இறங்கினா எங்க ஊர்ல என்ன பேசுவாங்க? தங்கச்சி மகளைக் கட்டிக் குடுத்துட்டு வர்றான், மாமனுக்கு ஒரு தலை கூடக் குடுக்கல பாரும்பாங்க. உன் மானமும்தானே போகும்?... அங்கயே வேக வெச்சுத் தின்னுட்டுக் கிளம்பலாம் மாமான்னு அவனும்தான் சொன்னான். உங்க ஜீரஸ்ட்ல தின்னது எங்க லோபட்சேயில யார் கண்ணுல படும்?... சிரிக்கிறியா? சரி, சிரி. எனக்கு வேணும்..."

"இல்ல, இன்னும் இருக்கு. அந்த அதிகாரிப் பொண்ணு என்கிட்டயும் கேட்டா. 'ஐயா, கறி ஏதாச்சும் இருக்கா'ன்னு. என் நரைச்ச தலையைப் பார்த்து ரெண்டு கையையும் சேர்த்து வெச்சுக்கிட்டுக் கேட்டா. 'இல்ல மகளே'ன்னேன்... டிக்கியைத் திறந்தா கம்பளி பூரா ரத்தம்... அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். 'மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் வெச்சேன்'னு சொல்லிட்டான்... நானா? பக்கத்துலதான் நின்னேன்... தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டேன்..."

"..."

"லைன்ல இருக்கியா?... பேசும்மா. திட்டவாவது செய்... லாரி வேலையா?... ம்... ம்... ஆமா. இந்தக் கேட்டுல அவன் பேர் ஏறிடுச்சுன்னா அப்புறம் எல்லை தாண்டி லாரி ஓட்ட விடமாட்டாங்க. அது அவனுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னான்... இன்னும் எழுதல. பெரிய அதிகாரி சாப்பிடப் போயிருக்கார்... இல்ல, இல்ல... வந்துட்டார். பேனாவை எடுக்குறார்... இரு. வெச்சிடாதே."

கோமாரி பரவாமலிருக்க வாசலில் போட்டிருந்த, மருந்துத் தண்ணீரில் ஊறிய சாக்கின் மேல் பூட்சைப் பதித்து, பெரியவர் கதவைத் தள்ளினார்.

"ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க. அந்தப் பையன் பேரை எழுதாதீங்க... மோதிபேடி. ஆமா, இவனோட தாய்மாமன்... இல்ல, அவன் பொய் சொல்றான். நானும்தான் சொன்னேன். கறியை வெச்சது நான்... டேய் ஓட்டெங், நீ வாயை மூடு. பெரியவங்க பேசுறோம்ல... அம்மாடி, நீயும் கேளு, உன்கிட்டதான் முதல்ல பொய் சொன்னேன்..."

"தங்கச்சி... இருக்கியா?... சரி, சரி. போனை வெச்சிடறேன். இவங்க முன்னால தொப்பியைக் கழட்டணும்."