கயிறு இழுக்கும் முறை

எனக்குக் காபியில் சர்க்கரை வேண்டாம் சார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் யாருமே போட்டுக்கொள்வதில்லை. வியாதி வந்தபின் மருந்து தேடுவதைவிட, வராமல் பார்த்துக்கொள்வது நல்லது இல்லையா?

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டதும் அதற்காகத்தான். எந்தக் கோளாறு வந்தாலும் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டு, அடிக்காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

நெல் போகும் பெல்ட் மாதத்துக்கு நாற்பது தடவை நின்றுகொண்டிருந்தது. ஏன்? கூட்டிப் பெருக்கும் பெண்கள், ஆபத்தென்றால் நிறுத்துவதற்காக ஓரமாகக் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றை இழுத்தார்கள். ஏன்? உருளையில் முந்தானை சிக்கியது, துடைப்பம் சிக்கியது. ஏன்? உருளைக்கு மூடி இல்லை. மூடி போட வேண்டுமென்றால் ஆலையைப் பத்து நாள் நிறுத்த வேண்டும். முதலாளி முகம் சுளிப்பார். அதனால் அந்தப் பக்கம் மேலே கேட்கவில்லை. நாற்பது தடவைக்கும் பொதுவாக இருந்தது கயிறுதான். சுவிட்சிலிருந்து அதன் ஒயரைக் கழற்றிவிட்டேன். கயிற்றை மட்டும் விட்டுவைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பெண்கள் அதன் கைப்பிடிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். எடுத்தால் மனசு சங்கடப்படும்.

அந்த மாதம் பெல்ட் ஒரு தடவைகூட நிற்கவில்லை. எனக்குச் சால்வை போர்த்தினார்கள். இழுத்தும் நிற்கவில்லை என்று இரண்டு பேர் வந்து சொன்னார்கள். இழுத்த விதம் சரியில்லை என்றேன். நம்பினார்கள்.

பிறகு, பெருக்குகிறவர்களில் ஒருத்தியான மாரியாயிக்கு உருளையில் சிக்கி வலது கை போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

"இழுத்தேன் சார், நிக்கலை" என்றாள்.

"பதட்டத்துல அரைகுறையா இழுத்திருப்பீங்கம்மா."

"அப்படித்தான் இருக்கும் சார். என் தப்புதான்" என்றாள். எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது. தன் தவறை ஒப்புக்கொள்கிறவர்கள் இந்தக் காலத்தில் எத்தனை பேர்?

ஆக, காரணம் பயிற்சிக் குறைவு. எல்லாப் பெண்களையும் வரிசையில் நிறுத்தி, கீழ்நோக்கி, ஒரே மூச்சில் இழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். ஒருத்தி சரியாக இழுத்ததும், பின்னால் நின்று மெயின் சுவிட்சை நானே அணைத்துவிடுவேன். பெல்ட் நிற்கும். அவர்களுக்கு எவ்வளவு தைரியம் வந்தது தெரியுமா? ஜோதிதான் முதலில் கற்றுக்கொண்டாள். மற்றவர்களுக்கு அவளையே சொல்லிக்கொடுக்க வைத்தேன்.

நேற்று ஜோதியின் முந்தானை உருளையில் போனபோது, நான் காட்டியபடியே, கீழ்நோக்கி, ஒரே மூச்சில், மூன்று முறை இழுத்திருக்கிறாள். இன்று காலையில்தான் உடலைக் கொடுத்தார்கள்.

ஆமாம் சார், ஒயரைக் கழற்றியது நான்தான். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அடிக்காரணம் அதுவல்ல. அவ்வளவு நன்றாக இழுக்கத் தெரிந்த பெண்ணுக்கு ஏன் இப்படி ஆயிற்று என்று நீங்கள் இன்னும் ஒருமுறைகூடக் கேட்கவில்லையே.