ஆறாவது படி

எங்கள் வீட்டில் நாய்க்கென்று தனித் தட்டு வாங்கியதே இல்லை, ஐயா. என் தட்டிலேயே வாய் வைக்கும். என் நாற்காலியில் ஜம்மென்று படுத்திருக்கும் என்பதால் அதற்கு முதலாளி என்று பெயர்.

பதினோரு வயதில் முதலாளி செத்துப்போனது. அதற்கு முன்பே காதோரத்தில் கொஞ்சம் தோல் எடுத்து, நகல் நாய் உருவாக்கும் நிறுவனத்தில் கொடுத்து வைத்திருந்தேன். குட்டி வந்தது. அதே முகம், அதே வளைந்த வால். ஆனால் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என் மனைவியின் காலையே சுற்றியது. ஃபோனில் கேட்டபோது நிறுவனத்துப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: "உடம்புதான் சார் அதே. பாசமெல்லாம் நீங்க வளர்க்கறதுலதான் இருக்கு."

நியாயமான பேச்சு. பழைய முதலாளியின் சிகிச்சைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஐந்து மாதம் ஆனபோது, மாடிப்படியில் கீழிருந்து ஆறாவது படியில் தவறி விழுந்து பின்னங்கால் முறிவு. அது தானாக விழுந்ததுதான். அதில் சந்தேகம் வேண்டாம். நாற்பது நாள் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். அதன் பிறகுதான் என்னை ஒட்டிக்கொண்டது.

குட்டிக்கு ஐந்து மாதம் ஆன அன்று மனைவி கடைக்குப் போயிருந்தாள். நான் கோபத்தில் செய்யவில்லை. படிகளை இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.

நாற்பது நாளும் குறையில்லாமல் பார்த்துக்கொண்டேன். ஆனால் என் செருப்புச் சத்தம் கேட்டாலே அது நின்ற இடத்தில் சிறுநீர் விட்டது. யாருமே கிட்ட வராத வீட்டில் எப்படி இருப்பது? நிறுவனத்தில் இரண்டாவது குட்டிக்குச் சொல்லி வைத்தேன். ஒரே வீட்டில் இரண்டு முதலாளி இருக்க முடியாதல்லவா? முதல் குட்டி பின்பக்க மரத்தடி மண்ணுக்குள் இருக்கிறது. அதே படி, அதே நாற்பது நாள், இரண்டாவதும் அங்கேதான்.

மூன்றாவது வந்து நாலரை மாதம். அதற்கான தேதியையும் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தேன். அது மனைவியின் கண்ணில் பட்டுவிட்டது.

நேற்றுக் காலை குட்டியை மார்போடு அணைத்தபடி மாடியிலிருந்து இறங்கினாள். "இதையாவது விட்டுடுங்க. நாங்க அக்கா வீட்டுக்குப் போறோம்" என்றாள். அந்தக் குட்டிகள் பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தாள். எனக்குப் பயமாகிவிட்டது, ஐயா. இவளும் போய்விட்டால்?

ஆறாவது படிக்கு வரும்வரை காத்திருந்துதான் அவள் தோளில் கை வைத்தேன். விழும்போதுகூடக் குட்டியை விடவில்லை. கைப்பிடியைப் பிடித்திருக்கலாம்.

வெறும் கால் முறிவுதானாம், இன்ஸ்பெக்டர் ஐயா. அவளை ஆஸ்பத்திரியில் வைத்திருக்க வேண்டாம், என்னோடு வீட்டுக்கு அனுப்புங்கள். நாற்பது நாள் போதும். பிறகு அவளே என்னைவிட்டுப் போகமாட்டாள்.