மச்சாள் பொறுக்கிய நண்டு ஓடு

பிறர் கதைக்குக் காது கொடுக்கும் பழக்கம் எனக்கில்லை. களுவாஞ்சிக்குடி பஸ்ஸில் முன் சீற்றிலிருந்த இரண்டு பெண்கள் சத்தமாகப் பேசினால் நான் என்ன செய்ய? இருவரும் நண்டுச்சதை எடுக்கும் கம்பெனியில் வேலை. இளையவளை அன்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"உன்ட தட்டுச் சதைக்குள்ள ஓட்டுத்துண்டு கிடக்கிறது புதுசில்ல கா. ஒவ்வொரு நாளும் நான்தான் களவாப் பொறுக்கி எறிஞ்சன். நேற்று நான் லீவு, பிடிபட்டுட்டாய்."

"ஒரு நாளாவது சொன்னீங்களா மச்சாள்?"

"சொன்னா மனம் நோவாய் எண்டுதான்."

"என்ட கைவேலை சுத்தமெண்டு வீடு முழுக்கப் பெருமை பேசினன். ஏசியிருந்தாப் பழகியிருப்பனே!"

"நாளைக்கு முதலாளியோட கதைக்கட்டா?"

"வேணாம். நீங்க என்னோடதான் கதைச்சிருக்கோணும்."

செட்டிபாளையத்தில் மூத்தவள் இறங்கி, கீழே நின்று கூப்பிட்டாள். இளையவளின் ஊரும் அதுதான் போல. அவள் எழும்பவில்லை.