கிழக்குச் சுவரில் நிற்கும் கடல்

தலைமையேற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, வயதுக்கு முன்பே கல்தூசியில் தலைநரைத்த பெரியோர்களே, வேலை முடிந்த கையோடு பிள்ளைகளை இடுப்பில் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே, குவாரித் தோழர்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் கிரஷர் ஓட்டுகிறவள். பதினொரு ஆண்டுகளாகக் கல்லை அரைக்கிறேன். கல் என்று எண்ணி எதை அரைத்தேன்? ஒரு சமுத்திரத்தை அரைத்தேன்!

ஒருநாள் பெல்ட்டில் ஒரு கல் வந்தது. சுருளுக்குள் சுருள், சுருள்மேல் வரி வரியாக மேடு. இயந்திரத்தை நிறுத்திவிட்டு எடுத்தேன். நம்மூர்ப் பள்ளி அறிவியல் ஆசிரியை பார்த்துவிட்டுச் சொன்னார்: அது அம்மோனைட்டாம். கல்லாகவே உறைந்துபோன, முதுகெலும்பே இல்லாத கடலுயிராம். மனித இனம் பிறப்பதற்குக் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே நீந்தியதாம்!

என் வீட்டுக்காரர் என்ன செய்தார்? "பளபளன்னு ஆக்கித் தரேன் பாரு" என்று குளியலறை கழுவும் ஆசிட்டில் போட்டார்! பொங்கி நுரைத்தது. பத்தே நிமிடம், வரியெல்லாம் கரைந்து மொழுக்கென்று ஆகிவிட்டது. அதோ, கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறார். சிரிக்காதீர்கள் தாய்மார்களே! அவராவது ஒன்றைக் கரைத்தார். நான்? எத்தனை ஆயிரத்தைப் பொடியாக்கினேன்?

அன்றுமுதல் பொறுக்குகிறேன். எந்த அடுக்கில் கிடைத்தது, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று சீட்டெழுதி, கட்டிலடியில் செருப்புப் பெட்டிகளில் அடுக்குகிறேன். ஆனால் நம் குவாரியின் கிழக்குப் பாறைச் சுவரை எந்தப் பெட்டியில் வைப்பேன்?

அங்கே கடலின் அடித்தரையே நிற்கிறது, ஐயா! செத்த அம்மோனைட்டின் ஓட்டிலே சிப்பிகள் குடியேறியிருக்கின்றன. அதில் ஒரு சிப்பி இரண்டு மூடியையும் இறுக மூடியிருக்கிறது. எதற்கு அஞ்சி மூடியது? எந்தச் சேறு வந்து புதைத்தது? அன்று மூடியது, இன்னும் திறக்கவில்லை! அதன்முன் நின்றால் எனக்கு அழுகைதான் வருகிறது.

நாளைக் காலை அந்தச் சுவருக்கு வெடி. மேலாளரிடம் மன்றாடினேன். "மேஸ்திரி சரின்னா எனக்கும் சரி" என்றுவிட்டார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வெடிமேஸ்திரி அண்ணனே! உங்களைத்தான் கேட்கிறேன், ஊரறியக் கேட்கிறேன். பத்தடி, பத்தே பத்தடி விட்டுத் தள்ளி வெடி வையுங்கள்!

அண்ணன் எழுந்துவிட்டார். என்ன அண்ணா? முடியாதா? அமைதி, அமைதி! மைக்கை அவரிடம் கொடுங்கள்.

"பத்தடி பத்தாதும்மா. அதிர்வுலயே விரிசல் விட்டுரும். இருபதடி விடணும். காலையில வந்து எங்கேன்னு கோடு போட்டுக் காட்டு."

கேட்டீர்களா? இருபதடி! எழுதிவந்த முடிவுரை எனக்கு மறந்தே போயிற்று. அவைக்கு நன்றி, அண்ணனுக்குக் கோடி நன்றி. விடிந்ததும் சுண்ணாம்புப் பொடியோடு வந்து நிற்பேன், அண்ணா. வணக்கம்!